கடன் நிறுவனம் மறுசீரமைப்புக்குப் போய்விட்டதா? போட்ட பணத்துக்காகக் காத்திருப்போர் செய்ய வேண்டியவை

வட்டி வர வேண்டிய தேதி தள்ளிப்போகிறது. ஏஜென்ட் போனை எடுப்பதில்லை. பிறகு ஒரு கடிதம் வருகிறது: "நிறுவனம் மறுசீரமைப்பில் உள்ளது, முதலீட்டாளர்களின் ஒத்துழைப்பை வேண்டுகிறோம்." செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ பட்டர்வொர்த்திலோ இபிஎஃப் பணத்தையும் ஓய்வூதியத்தையும் கடன் நிறுவனம் ஒன்றில் போட்டு வைத்தவர்களுக்கு, இந்தக் கடிதம் வந்த நாள் முதல் கெடுத் தேதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கும். அவற்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் வரிசையில் இருக்கும் இடம் போய்விடலாம்.

வாட்ஸ்அப் குழுவில் எத்தனை பேர் கொதித்தாலும், திரும்பி வரும் தொகையை மூன்று விஷயங்கள்தாம் முடிவு செய்கின்றன. உங்களிடம் இருப்பது எந்த வகைப் பத்திரம், உங்கள் கோரிக்கையை ஆதாரத்தோடு கெடுவுக்குள் தாக்கல் செய்தீர்களா, வாக்கெடுப்பில் உங்கள் பக்கம் எவ்வளவு தொகை சேர்ந்தது. இந்த வழிகாட்டி மலேசியச் சட்டப்படி, தீபகற்ப மலேசியாவில் பதிவான நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

படி 1: கையில் இருக்கும் தாளைப் படியுங்கள்

"நான் முதலீட்டாளர்" என்று சொல்வதால் சட்டத்தில் ஓர் இடம் கிடைத்துவிடாது. கடன் கொடுத்தவரா, பங்குதாரரா, வேறொருவருக்குக் கடன் கொடுத்தவரா என்பதே கேள்வி. அதற்கான பதில் ஒப்பந்தத்தின் முதல் இரண்டு பக்கங்களில் இருக்கும்.

நிறுவனத்துக்கே கடன் கொடுத்ததாகவோ, குறிப்பிட்ட தேதியில் முதலைத் திருப்பித் தருவதாகவோ ஒப்பந்தம் சொன்னால், நீங்கள் கடன் கொடுத்தவர். இது ஓரளவு நல்ல நிலை.

"பிரிஃபரன்ஸ் ஷேர்" என்று தலைப்பில் இருந்தால் கதை வேறு. அது பங்கு. "மீட்கத்தக்கது" என்று அச்சடித்திருந்தாலும் அது பங்குதான். நிறுவனச் சட்டம் 2016இன் 72ஆம் பிரிவுப்படி, அத்தகைய பங்கை இலாபத்திலிருந்தோ, புதுப் பங்கு விற்ற பணத்திலிருந்தோ, இயக்குநர்கள் கடன் தீர்க்கும் திறன் இருப்பதாக உறுதி கூறிய பிறகு மூலதனத்திலிருந்தோதான் மீட்க முடியும். கையில் காசில்லாத நிறுவனம் மனம் இருந்தாலும் மீட்க முடியாது. கடன்காரர், அதாவது நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர், எல்லாருக்கும் கொடுத்து முடித்த பிறகே பங்குதாரருக்கு எதுவும் வரும். எட்டு, பத்து விழுக்காடு நிச்சய வருமானம் என்று சொல்லி விற்கப்பட்ட பலவும் இந்த வகை என்பது வேதனையானது. அப்படியிருந்தால் உங்கள் வழக்கு, நிறுவனம் கடனைத் தரவில்லை என்பதாக இருக்காது. பொய்யான தகவல் கொடுத்துப் பங்கை விற்றார்கள் என்பதாக இருக்கும். அதற்கு வழக்கறிஞர் தேவை.

செக்யூரிட்டிஸ் கமிஷனில் பதிவான பியர்-டு-பியர் தளம் (முதலீட்டாளரையும் கடன் கேட்கும் தொழில் நிறுவனத்தையும் இணைக்கும் இணையத் தளம்) வழியாகப் போட்டிருந்தால், உங்களுக்குக் கடன்பட்டவர் தளம் அல்ல, பணம் வாங்கிய தொழில் நிறுவனம். இந்தத் தளங்களுக்கான விதிமுறை 2016இல் வந்தது. முதலீட்டாளர் பணம் தளத்தின் சொந்தக் கணக்கில் கலக்காமல் டிரஸ்ட் கணக்கில் இருக்க வேண்டும். எனவே தளமே தடுமாறினாலும் கேட்க வேண்டியவை இரண்டு: டிரஸ்ட் கணக்கில் இன்று எவ்வளவு இருக்கிறது, கடனாளிகளிடம் வசூல் செய்யும் பொறுப்பு யாரிடம் போகிறது.

கூட்டுறவுச் சங்கம் என்றால் நிறுவனச் சட்டம் பொருந்தாது. கூட்டுறவுச் சங்கங்களைக் கண்காணிக்கும் சுருஹான்ஜாயா கோப்பராசி மலேசியாவிடம் போக வேண்டும். 1986இல் டெபாசிட் வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடங்கியபோது அரசாங்கம் தனியாக விதிமுறை போட்டுத் தலையிட்டது. அன்று அப்படி நடந்தது என்பதற்காக ஒவ்வொரு முறையும் அரசாங்கம் வந்து காப்பாற்றும் என்று எண்ணி உட்கார்ந்திருக்க வேண்டாம். மலேசிய டெபாசிட் காப்புறுதிக் கழகமான பிஐடிஎம் தரும் காப்புறுதி ஒரு வங்கிக்கு, ஒருவருக்கு 250,000 ரிங்கிட் வரை காப்பது உறுப்பு வங்கிகளில் இருக்கும் டெபாசிட்டை மட்டும். இங்கே சொல்லும் எந்த முதலீட்டுக்கும் அது கிடையாது.

இன்னொரு கணக்கையும் இப்போதே போட்டுப் பாருங்கள். வட்டிக்கடைச் சட்டம் 1951இன் கீழ் உரிமம் பெற்றவர் பிணையுள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12%, பிணையில்லாக் கடனுக்கு 18% வரைதான் வட்டி வாங்கலாம். அப்படிப்பட்ட நிறுவனம் உங்களுக்கு மாதம் 2%, அதாவது ஆண்டுக்கு 24% கொடுத்திருந்தால் அந்தப் பணம் தொழிலிலிருந்து வந்திருக்க முடியாது. பெரும்பாலும் பின்னால் வந்தவர்களின் முதலிலிருந்து வந்திருக்கும். வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு கொடுக்கும் வட்டிக்கடை உரிமம் கடன் கொடுக்கத்தான். பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அல்ல. உரிமமின்றி டெபாசிட் வாங்குவது நிதிச் சேவைகள் சட்டம் 2013இன் 137ஆம் பிரிவின் கீழ்க் குற்றம்: 10 ஆண்டு வரை சிறை, 50 மில்லியன் ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த நிலையில் வாக்களித்த வட்டியைக் கேட்பது கடினம். ஆனாலும் ஒப்பந்தங்கள் சட்டம் 1950இன் 66ஆம் பிரிவு, செல்லாத ஒப்பந்தத்தில் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. முதலைக் கேட்பதற்கு அது வழி. ஏற்கெனவே வாங்கிய வட்டியை அதில் கழிப்பார்கள் என்று எதிர்பாருங்கள்.

படி 2: "மறுசீரமைப்பு" என்பது எது என்று எழுத்தில் கேளுங்கள்

அந்தச் சொல்லுக்குப் பின்னால் நான்கு வேறு நிலைகள் இருக்கலாம். எது என்பதைப் பொறுத்துக் கெடுவும் உரிமையும் மாறும்.

நீதிமன்றத்துக்கே போகாமல் "கொஞ்சம் பொறுங்கள்" என்று கேட்பது ஒன்று. இதில் உங்களைக் கட்டுப்படுத்த எந்தத் தடையும் இல்லை; வழக்குப் போடலாம். புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டால், பழைய உரிமையைக் கைவிடுவதாக ஒரு வரி உள்ளே இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். குறிப்பாகக் கடனைப் பங்காக மாற்றும் வரி. அதில் கையெழுத்திட்டால் படி 1இல் சொன்ன கடைசி வரிசைக்குப் போய்விடுவீர்கள்.

இரண்டாவது, நிறுவனச் சட்டம் 2016இன் 366ஆம் பிரிவின் கீழ் வரும் "ஸ்கீம் ஆஃப் அரேஞ்ச்மென்ட்", அதாவது சமரசத் திட்டம். நிறுவனம் 368ஆம் பிரிவின்கீழ்த் தடையாணை கேட்கும். 2024 ஏப்ரல் 1இல் நடப்புக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, மனு போட்டவுடனேயே தானாக ஒரு தற்காலிகத் தடை வந்துவிடுகிறது. மனு தீர்க்கப்படும் வரை, அதிகம் போனால் 2 மாதம். நீதிமன்றம் தரும் தடையாணை முதலில் 3 மாதம் வரை, பிறகு 9 மாதம் வரை நீட்டிக்கலாம். அந்தக் காலத்தில் நீதிமன்ற அனுமதியின்றி நிறுவனத்தின்மேல் வழக்கு நகராது. ஆனால் தடையாணை காப்பது நிறுவனத்தை. தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்த இயக்குநரை அது தானாகக் காப்பதில்லை.

மூன்றாவது, ஜூடிஷியல் மேனேஜ்மென்ட். நிறுவனத்தின் சாவி இயக்குநர்களிடமிருந்து நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கைக்குப் போகிறது. ஆணை முதலில் 6 மாதம், நீட்டிக்கலாம். நிர்வாகி 60 நாளில் தம் திட்டத்தைக் கடன்காரர்களுக்கு அனுப்ப வேண்டும், நீதிமன்றம் கூடுதல் நாள் கொடுத்தாலொழிய. பழைய கணக்குப் புத்தகங்கள் வெளியார் ஒருவரின் கைக்குப் போவதால், முதலீட்டாளருக்கு இதுவே பல நேரங்களில் நல்லது என்பது எங்கள் கருத்து.

நான்காவது, கலைப்பு, அதாவது நிறுவனத்தை மூடிச் சொத்தை விற்றுப் பங்கிடுவது. இதை மறுசீரமைப்பு என்று சொல்லக் கூடாது; ஆனாலும் சொல்கிறார்கள். வழக்கு எண்ணைக் கேட்டால் தெரிந்துவிடும். கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் கலைப்பு மனுவின் எண் "டபிள்யூஏ-28என்சிசி" என்றும் பினாங்கில் "பிஏ-28என்சிசி" என்றும் தொடங்கும். சமரசத் திட்ட மனுக்களில் 28க்குப் பதில் 24 இருக்கும். வழக்கு எண் தர மறுக்கும் நிறுவனம் அநேகமாக நீதிமன்றத்துக்கே போகவில்லை. எண் கிடைத்தால், ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்திலோ ஜார்ஜ்டவுன் லைட் ஸ்ட்ரீட் நீதிமன்றத்திலோ உள்ள கோப்பை வழக்கறிஞர் மூலம் தேடிப் பார்க்கலாம். நிறுவனத்தின் உறுதிமொழி ஆவணத்தில் கடன்காரர் பட்டியல் இருக்கும். உங்கள் பெயரும் தொகையும் அதில் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

படி 3: எஸ்எஸ்எம் பதிவைப் பாருங்கள்

நிறுவனங்களைப் பதியும் ஆணையமான எஸ்எஸ்எம்-இன் இணையச் சேவையில் சிறு கட்டணம் கட்டினால் நிறுவனத்தின் விவரத்தாள், கடைசியாகத் தாக்கல் செய்த கணக்கறிக்கை, அடமானப் பதிவு மூன்றையும் வாங்கலாம். மூன்றையும் வாங்குங்கள்.

இவற்றில் முக்கியமானது அடமானப் பதிவு. கடன் நிறுவனங்கள் தாங்கள் கொடுத்த கடன்களையே வங்கிக்கு அடமானம் வைத்துப் பணம் புரட்டுவது வழக்கம். அப்படியானால் கடனாளிகளிடமிருந்து வசூலாகும் முதல் ரிங்கிட் வங்கிக்குப் போகும். உங்கள் ஒப்பந்தத்திலும் "வசூலாக வேண்டிய கடன்கள் இம்முதலீட்டுக்குப் பிணை" என்று எழுதியிருக்கலாம். அந்தப் பிணை பதிவில் இருக்கிறதா? அடமானத்தை 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்கிறது நிறுவனச் சட்டத்தின் 352ஆம் பிரிவு. பதியாத அடமானம் கலைப்பாளருக்கும் (நிறுவனத்தைக் கலைக்க நியமிக்கப்பட்டவர்) மற்றக் கடன்காரர்களுக்கும் எதிராகச் செல்லாது. தாளில் பிணையுள்ளவராக இருந்தவர்கள் கூட்டத்துக்கு வந்த பிறகுதான் பிணையில்லாதவர் என்று தெரிந்துகொள்வது இந்த ஒரு காரணத்தால்.

கணக்கறிக்கையில் இயக்குநர்களுக்கும் அவர்களது மற்ற நிறுவனங்களுக்கும் கொடுத்த கடன் என்று ஒரு குறிப்பு இருக்கும். தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள். படி 6இல் வேண்டும்.

படி 4: கோப்பு தயாரியுங்கள்

ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களும், பணம் அனுப்பிய வங்கி அறிக்கையும், வந்த ஒவ்வொரு வட்டியின் தேதியும் தொகையும், நிறுவனம் அனுப்பிய கடிதங்களும், திரும்பி வந்த காசோலைகளும் வங்கியின் மறுப்புச் சீட்டும் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். பழைய அறிக்கை இல்லையென்றால் வங்கிக் கிளையில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்; ஏழு ஆண்டுக்கு முந்தையது கிடைப்பது அரிது என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

கோரிக்கைகள் பெரும்பாலும் எங்கே சிக்குகின்றன? பெயரில். அடையாள அட்டையில் "ஏ/எல்", ஒப்பந்தத்தில் "எஸ்/ஓ", வங்கிக் கணக்கில் தகப்பன் பெயரே இல்லை. நமக்கு இது ஒன்றுமில்லை. கோரிக்கையைச் சரிபார்க்கும் குமாஸ்தாவுக்கு இவர்கள் மூன்று ஆட்கள். பெயர் வேறுபாடு இருந்தால் "இவர்கள் மூவரும் நான் ஒருவரே" என்று சத்தியப் பிரமாணப் பத்திரம் எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்டு முதலிலேயே இணைத்துவிடுங்கள். மனைவியின் கணக்கிலிருந்து பணம் போய், கணவன் பெயரில் ஒப்பந்தம் இருந்தால் இருவரும் பிரமாணம் கொடுக்க வேண்டும்.

ஏஜென்டிடம் ரொக்கமாகக் கொடுத்தவர்கள் பாடு கடினம். ரசீது இல்லாவிட்டால் வங்கியிலிருந்து அன்று பணம் எடுத்த பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், வட்டி வந்த பதிவு மூன்றையும் சேர்த்துக் காட்டுங்கள். உரையாடலைத் துண்டு துண்டாகப் படம் பிடிக்காமல், எண்ணும் தேதியும் தெரிய முழுதாக ஏற்றுமதி செய்து வையுங்கள். போனையும் மாற்றாதீர்கள். கணினி ஆவணங்களைச் சாட்சியமாக ஏற்கச் சாட்சியச் சட்டம் 1950இன் 90ஏ பிரிவு இடம் தருகிறது. மூலக் கருவி கையில் இருந்தால் வேலை எளிது.

ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டவில்லையென்றால் நீதிமன்றம் அதைச் சாட்சியமாக ஏற்காது. கடன் ஒப்பந்தத்துக்குத் தீர்வை 0.5%, அதாவது 50,000 ரிங்கிட்டுக்கு 250. தாமதத்துக்கு அபராதமும் சேர்த்து உள்நாட்டு வருமான வரி வாரியமான எல்எச்டிஎன்-இல் பின்னர் கட்டலாம்.

படி 5: கடன் நிரூபணப் படிவம்

'புரூஃப் ஆஃப் டெட்' என்று எல்லாரும் சொல்லும் இந்தப் படிவமே உங்கள் டிக்கெட். இதைக் கொடுக்காதவருக்கு வாக்கும் கிடையாது, பங்கீட்டுத் தொகையும் கிடையாது. நிறுவனத்துக்கு உங்களைத் தெரியும், பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதற்காகச் சும்மா இருந்துவிடக் கூடாது.

படிவத்தில் முதல், வட்டி இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். வட்டியை அறிவிப்பில் சொன்ன கணக்கு முடிக்கும் தேதி வரை மட்டும், ஒப்பந்தத்தில் உள்ள விகிதத்தில் கணக்கிடுங்கள். மன உளைச்சலுக்கு நஷ்டஈடு, கிடைக்காமல் போன இலாபம் என்று சேர்த்தால் மொத்தக் கோரிக்கையையும் "சர்ச்சைக்குரியது" என்று ஒதுக்கி வைப்பார்கள். வாங்கிய தொகையை மறைக்கவும் கூடாது. அவர்களது கணக்கோடு இடிக்கும்.

கொடுக்கும்போது மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், பதிவுத் தபாலிலோ நேரிலோ கொடுத்து முத்திரையிட்ட நகலும் வாங்குங்கள். கெடுவுக்குக் குறைந்தது ஐந்து வேலை நாளுக்கு முன் கொடுத்தால், குறை இருந்தால் திருத்த நேரம் இருக்கும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிராகரிப்பை எதிர்த்து நீதிமன்றம் போக நாள் கணக்கு உண்டு. அந்தக் கடிதத்தை மேசையில் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விடக் கூடாது.

படி 6: திட்டத்தை எண்ணாகப் படியுங்கள்

வாக்கெடுப்புக்கு முன் விளக்க அறிக்கை ஒன்று வரும். நூறு பக்கம் இருக்கலாம். நீங்கள் தேட வேண்டியது ஒரே ஓர் ஒப்பீடு: திட்டம் நிறைவேறினால் ரிங்கிட்டுக்கு எத்தனை சென், நிறுவனத்தைக் கலைத்தால் எத்தனை சென்.

தொழிற்சாலை திவாலானால் நிலமும் இயந்திரமும் மிஞ்சும். கடன் நிறுவனத்தில் மிஞ்சுவது மற்றவர்கள் திருப்பித் தர வேண்டிய கடன். எனவே எல்லாமே வசூல் விகிதத்தில்தான் தொங்குகிறது. ஒரு கணக்கு போடுவோம். வசூலாக வேண்டியது 12 மில்லியன் ரிங்கிட். வங்கிக்கு அதன்மேல் அடமானம் 6 மில்லியன். நிர்வாகச் செலவு, ஊழியர் சம்பளம், வரி 0.3 மில்லியன். பிணையில்லாக் கடன்காரர் மொத்தம் 9 மில்லியன். அதில் உங்களுடையது 50,000.

60% வசூலானால் 7.2 மில்லியன் வரும். வங்கிக்கும் செலவுக்கும் போக மிச்சம் 0.9 மில்லியன். ரிங்கிட்டுக்கு 10 சென், உங்களுக்கு 5,000. வசூல் 70% ஆனால் 8.4 மில்லியன், மிச்சம் 2.1 மில்லியன், ரிங்கிட்டுக்கு 23 சென்னுக்குச் சற்று மேல், உங்களுக்குச் சுமார் 11,700. வசூல் பத்துப் புள்ளி ஏறினால் உங்கள் பங்கு இரண்டு மடங்குக்கு மேல் ஏறுகிறது. வங்கிக்குக் கொடுத்தது போக மிஞ்சும் ஒவ்வொரு சென்னும் உங்கள் வரிசைக்கு வருவதே காரணம். வசூல் 52.5%க்குக் கீழே போனால் ஒன்றுமே இல்லை.

இப்போது நிறுவனம் ரிங்கிட்டுக்கு 20 சென், எட்டு அரையாண்டுத் தவணையில் தருவதாகச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50,000க்கு 10,000, தவணைக்கு 1,250. ஆண்டுக்கு 3% என்று கழித்துப் பார்த்தால் அதன் இன்றைய மதிப்பு சுமார் 9,360. இந்தத் திட்டம் நிறைவேற 67.5% வசூலாக வேண்டும். கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்தே வருகிறது: கடந்த 12 மாதத்தில் உண்மையில் எவ்வளவு வசூலானது? 90 நாளுக்கு மேல் நிலுவையில் உள்ள கடன் எத்தனை விழுக்காடு? இயக்குநர்களின் மற்ற நிறுவனங்களுக்குக் கொடுத்த கடன் வசூல் கணக்கில் சேர்ந்திருக்கிறதா? சேர்ந்திருந்தால் அவர்கள் எப்போது, எந்தப் பணத்தில் கட்டுவார்கள்? எஸ்எஸ்எம் கணக்கறிக்கையில் குறித்து வைத்த எண்ணை இங்கே எடுங்கள்.

திட்டத்தின் சிறு எழுத்தில் மூன்றைத் தேடுங்கள். இயக்குநர்களின் தனிப்பட்ட உத்தரவாதத்தை விடுவிக்கும் பிரிவு. தவணை தவறினால் பழைய முழுக்கடன் மீண்டும் உயிர் பெறுமா என்பது. வசூல் எதிர்பார்த்ததைவிடக் கூடினால் அந்த உபரி யாருக்கு என்பது. மூன்றாவதைப் பற்றித் திட்டம் எதுவும் சொல்லவில்லையென்றால் உபரி பழைய முதலாளிகளுக்கே போகும். கேட்டால் மாற்றுகிறார்கள்; யாரும் கேட்பதில்லை.

குறைந்த விழுக்காட்டைப் பார்த்து இது சட்டத்துக்கு விரோதம் என்று எண்ண வேண்டாம். 2021இல் ஏர்ஏசியா எக்ஸ் நிறுவனத்தின் 33.65 பில்லியன் ரிங்கிட் கடன் திட்டத்தில் கடன்காரர்களுக்கு 0.5% கிடைத்தது. அவர்கள் வாக்களித்து ஏற்ற திட்டம் அது.

படி 7: வாக்கு

ஆள் கணக்கு இல்லை, பணக் கணக்கு. கடன்காரர்களை ஒரே வகை உரிமை உள்ளவர்களாக வகுப்பு வகுப்பாகப் பிரிப்பார்கள். கூட்டத்தில் நேரிலோ பிராக்ஸி (உங்களுக்குப் பதில் வாக்களிப்பவர்) மூலமோ வாக்களித்தவர்களின் மொத்தத் தொகையில் 75% ஆதரித்தால் அந்த வகுப்பில் திட்டம் நிறைவேறும். வராதவர் தொகை எந்தப் பக்கமும் சேராது. வராமல் இருப்பது எதிர்ப்பு ஆகாது.

மேலே சொன்ன 9 மில்லியனில் 6 மில்லியனுக்கு உரியவர்களே வாக்களிக்கிறார்கள் என்றால், 1.5 மில்லியனுக்கு மேல் எதிர்ப்பு இருந்தால் திட்டம் நிற்காது. தலைக்கு 50,000 போட்ட 31 பேர் போதும். அதனால்தான் சிறு முதலீட்டாளர்கள் ஒன்றுசேர்வது வீண் வேலை அல்ல. எதிர்த்துக் கவிழ்ப்பதற்காக அல்ல. உபரிப் பங்கு, உத்தரவாதம், முதல் தவணைத் தேதி ஆகியவற்றைக் கூட்டத்துக்கு முன்பே பேசி மாற்றுவதற்காக.

பிராக்ஸி படிவத்தைப் பெரும்பாலும் கூட்டத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன் கேட்பார்கள். பட்டர்வொர்த்தில் இருப்பவர் கோலாலம்பூர் கூட்டத்துக்கு வர முடியாவிட்டால் நம்பிக்கையான ஒருவர் பெயரை எழுதி, ஆதரவா எதிர்ப்பா என்பதையும் குறித்துக் கையெழுத்திடுங்கள். "கூட்டத் தலைவர்" என்று விட்டுவிட்டு வாக்கைக் குறிக்காவிட்டால் தலைவர் தம் விருப்பப்படி போடுவார்.

இயக்குநரின் குடும்பமோ துணை நிறுவனமோ உங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்து வாக்களித்தால் கூட்டக் குறிப்பில் ஆட்சேபத்தைப் பதியச் சொல்லுங்கள். திட்டத்துக்கு ஒப்புதல் கேட்டு நிறுவனம் நீதிமன்றம் போகும்போது அந்தப் பதிவை எடுத்துக்காட்டலாம். 2024 திருத்தத்துக்குப் பிறகு ஒரு வகுப்பு எதிர்த்தாலும், மொத்தத்தில் போதிய ஆதரவு இருந்து அந்த வகுப்புக்கு அநியாயம் இல்லையென்றால் நீதிமன்றம் திட்டத்தை எல்லார்மேலும் சுமத்தலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள். நீதிமன்ற ஆணையின் நகல் எஸ்எஸ்எம்-இல் தாக்கலான பிறகே திட்டம் நடப்புக்கு வரும். முதல் தவணையை அந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். கூட்டம் நடந்த நாளிலிருந்து அல்ல.

காத்திருக்கும் ஆண்டுகளில்

முகவரியோ வங்கிக் கணக்கோ மாறினால் திட்டத்தை நடத்தும் நிர்வாகிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஒவ்வொரு தவணையிலும் முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்ற பிரிப்பைக் கேட்டு வாங்குங்கள். போட்ட முதல் திரும்பி வந்தால் அது வருமானம் அல்ல; வருமான வரிக்கு இந்தப் பிரிப்பு வேண்டும். முதலீட்டாளர் இறந்துவிட்டால் பிள்ளைகள் இறப்புச் சான்றிதழை மட்டும் காட்டி வாங்க முடியாது. உயில் ஒப்புதல் ஆணையோ நிர்வாகப் பத்திரமோ கேட்பார்கள். அதைப் பெறவே மாதங்கள் ஆகும் என்பதால், வயதானவர்கள் கோப்பு எங்கே இருக்கிறது என்பதை இன்றே வீட்டில் சொல்லி வையுங்கள்.

"உங்களுக்கு மட்டும் ரகசியமாக முழுப் பணம் தருகிறோம்" என்று இயக்குநர் அழைத்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். கலைப்பு மனுவுக்கு முந்தைய 6 மாதத்துக்குள் மற்றவர்களை முந்தி வாங்கிய பணத்தைப் பாரபட்சமான கொடுப்பனவு என்று கலைப்பாளர் திரும்பக் கேட்கலாம். மனுவுக்குப் பிறகு கொடுத்தது நீதிமன்ற அனுமதியின்றிச் செல்லாது.

உங்கள் கடனைத் தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ள யாராவது வந்தால், படி 6இன் கணக்கைப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள். விற்றால் எழுத்தில் விற்று, நிறுவனத்துக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பணம் கைக்கு வந்த பிறகே கையெழுத்து.

பணம் இழந்தவர் பட்டியல் வெளியே போய்விடுகிறது. "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணமாக 800 ரிங்கிட்" என்று அழைப்பு வரும். பேங்க் நெகாரா அதிகாரி என்றும் சொல்வார்கள். எந்தக் கலைப்பாளரும் பங்கீட்டை விடுவிக்க உங்களிடம் பணம் கேட்க மாட்டார். பணம் அனுப்பிவிட்டால் உடனே 997க்கு அழையுங்கள். குழுவில் வழக்கறிஞருக்கென்று ஆளுக்கு 200 வசூலித்தால், அது ஒருவரின் சொந்தக் கணக்குக்குப் போகிறதா, வழக்கறிஞர் அலுவலகத்தின் கட்சிக்காரர் கணக்குக்குப் போகிறதா என்று பாருங்கள்.

மோசடி என்று நம்பக் காரணம் இருந்தால் போலீஸ் புகார் செய்யுங்கள். ஆனால் அது கடன் நிரூபணப் படிவத்துக்கு மாற்று அல்ல. பணமோசடித் தடுப்புச் சட்டம் 2001இன் கீழ்ச் சொத்து முடக்கப்பட்டால், பறிமுதலுக்கு முன் உரிமை கோருவோர் வரலாம் என்று 61ஆம் பிரிவின் கீழ் அரசிதழில் அறிவிப்பு வரும். குறிப்பிட்ட நாளில் போகாதவர் கோரிக்கை கேட்கப்படாது. இதையும் புகார் எண்ணோடு சேர்த்து விசாரணை அதிகாரியிடம் அவ்வப்போது கேட்டு வையுங்கள்.

தவணை நின்றால்

முதல் தவறிய தவணைக்கே, அந்த வாரத்திலேயே, திட்ட நிர்வாகிக்கு எழுதுங்கள். திட்டத்தில் சலுகை நாள் எவ்வளவு என்று பார்த்து, அது முடிந்த மறுநாள் திட்டத்தின் தவறுதல் பிரிவைக் குறிப்பிட்டு அறிவிப்புக் கொடுங்கள். உங்களுக்கு வர வேண்டியது 50,000 ரிங்கிட்டுக்கு மேல் என்றால் நிறுவனச் சட்டத்தின் 466ஆம் பிரிவின்கீழ் 21 நாள் கெடு வைத்து அறிவிப்பு அனுப்பலாம். அதற்கும் கட்டாவிட்டால் கலைப்பு மனு. இந்த வரம்பு 2021 ஏப்ரல் 1 முதல் 50,000. அதற்குக் குறைவானவர்களும், கலைப்பு மனு வேண்டாம் என்பவர்களும் சாதாரண வழக்குப் போடலாம்: 100,000 வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 1 மில்லியன் வரை செஷன்ஸ் நீதிமன்றம்.

காலவரம்புச் சட்டம் 1953 ஒப்பந்தக் கடனுக்கு 6 ஆண்டு தருகிறது. தவறிய நாளிலிருந்து எண்ணுவார்கள். "பேசிக்கொண்டிருக்கிறோம்" என்று நிறுவனம் சொல்வது இந்த எண்ணிக்கையை நிறுத்தாது. கடன் இருப்பதை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட கடிதமோ, ஒரு பகுதிக் கொடுப்பனவோ அதைப் புதிதாகத் தொடங்க வைக்கும். எனவே ஆண்டுக்கு ஒரு முறை, உங்களுக்கு நிலுவை எவ்வளவு என்று உறுதிப்படுத்தும் கையெழுத்திட்ட கடிதத்தை நிறுவனத்திடம் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். தர மறுத்தால், தவறிய நாளிலிருந்து ஐந்து ஆண்டு முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து, அதற்கு முன் வழக்கறிஞரைப் பாருங்கள்.